கையெழுத்து வாங்கியும் மாட்டிக்கொண்டேன்: பனியன் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட் வேலை

சில வருடங்களுக்கு முன்னால் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனிக்கு மென்பொருள் செய்யும் வேலையில் பிசினஸ் அனலிஸ்ட்டாக இருந்தேன், அதாவது கம்பெனிக்கு என்ன தேவை என்று கேட்டு, மென்பொருள் செய்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஆள். அந்த வேலையில் எனக்கு வர வேண்டிய பணத்தில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கடைசி வரை வரவே இல்லை. அதற்காகக் காத்துக்கிடந்த மாதங்களில் தேடி வந்த இன்னொரு வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணம் போனது கூடப் பரவாயில்லை, கிளையன்ட் ஒரு பக்கமும் மென்பொருள் நிறுவனம் ஒரு பக்கமும் நின்று என்னையே கைகாட்டியபோது, "இப்போது என்ன செய்ய?" என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை, அதுதான் அதிகமாக வலித்தது. எந்தச் சான்றிதழ் வாங்கலாம், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சின்ன ப்ராஜெக்ட்டில் தனி ஆளாக நிற்கும் அனலிஸ்ட்டுக்கு என்ன நடக்கும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், இடையிடையே எது உதவியது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் நான் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் வங்கி ப்ராஜெக்ட்டுகளில் இருந்தேன். அங்கே ஒரு டீமில் பல அனலிஸ்ட்டுகள், மேலே ஒரு லீட், எல்லாவற்றுக்கும் ஒரு டெம்ப்ளேட். வீட்டுச் சூழ்நிலையால் கோவைக்கு வந்து, ஒப்பந்த முறையில் வேலை எடுக்க ஆரம்பித்தேன். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் இந்த பனியன் கம்பெனியோடு மொத்தத் தொகை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தது. எனக்கு மூன்று தவணையில் பணம்: தொடங்கும்போது கொஞ்சம், ரிக்வயர்மென்ட் ஆவணத்தில் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியது) கிளையன்ட் கையெழுத்துப் போட்டதும் கொஞ்சம், யூஏடி (கிளையன்ட்டே மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்து ஒப்புக்கொள்ளும் சோதனை) முடிந்ததும் மீதி. அந்த மீதிதான் பெரிய பங்கு. அதாவது நான் எழுதாத நிரலும், என் கையில் இல்லாத கிளையன்ட்டின் ஒப்புதலும் சேர்ந்து வந்தால்தான் எனக்குப் பணம்.

முதல் மீட்டிங்கில் முதலாளி, அவர் மகன், அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா மூன்று பேரும் இருந்தார்கள். நான் கேட்ட முதல் விஷயமே, குடோனிலும் கட்டிங்கிலும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான். "இப்ப ஷிப்மென்ட் நேரமுங்க, உள்ளே யாரையும் தொந்தரவு பண்ண முடியாது, எல்லாத்தையும் நாங்களே சொல்லிடறோம்" என்று மகன் சொன்னார். மென்பொருள் நிறுவனத்திலும், அதற்கு பட்ஜெட் இல்லை, ஆபீஸில் பேசி முடித்துவிடுங்கள் என்றார்கள். நான் மெயிலில் திரும்பவும் கேட்டேன். ஆவணத்தின் முன்பக்கத்திலேயே, உற்பத்திப் பிரிவு ஆட்களிடம் பேசாமல் எழுதப்பட்டது என்று ஒரு வரி போட்டேன். மகன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் தவணை வந்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸில் எனக்குச் சொல்லப்பட்ட கதை ரொம்ப நேர்த்தியானது. நூல் வாங்குவோம், டிசி போட்டு நிட்டிங்குக்கு அனுப்புவோம், துணியாகத் திரும்பி வரும். திரும்ப டிசி போட்டு சாயப்பட்டறைக்கு அனுப்புவோம், கலராகி வரும். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். டிசி என்பது டெலிவரி சலான், சரக்கோடு கூடப் போகும் சீட்டு. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கழித்தால் பாக்கி எவ்வளவு. கேட்பதற்கு இதில் என்ன சிக்கல் இருக்கப் போகிறது என்றுதான் தோன்றும். இதை அப்படியே படமாகப் போட்டோம், திரைகள் செய்தார்கள், டெமோ வைத்தார்கள்.

டெமோவுக்குத்தான் முதல் முறையாக குடோன் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள். அந்த கம்பெனியில் ரொம்ப வருடமாக இருக்கும் அண்ணன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நிட்டிங்ல இருந்து துணி நம்மகிட்டயே வராதுங்களே, அங்கிருந்து நேரா சாயப்பட்டறைக்குப் போயிரும். அதை இதுல எங்க போடறதுங்க?" என்று கேட்டார். அடுத்து, மில்லில் இருந்து நூல் மூட்டையே குடோனுக்கு வராமல் நேராக நிட்டிங்குக்கு இறங்குவதும் உண்டு என்றார். கலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய துணியை எந்தத் திரையில் போடுவது, ஒரே டிசிக்கு மூன்று வண்டியில் பிரித்து வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே நியாயமான கேள்விகள். நாங்கள் செய்த மென்பொருளில், குடோனுக்குள் வராத சரக்கு என்று ஒன்று இருக்கவே முடியாது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மாற்றம் எல்லாம் சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனிப் பணம் என்று மென்பொருள் நிறுவனம் சொன்னது. எங்கள் தொழிலே இப்படித்தான் நடக்கிறது, இது தெரியாத ஆளை எதற்கு அனலிஸ்ட் என்று அனுப்பினீர்கள் என்று கிளையன்ட் கேட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் மெயிலில் என் பெயர்தான் நடுவில். யூஏடி நின்றுபோனது, அதனால் என் மூன்றாவது தவணையும் நின்றுபோனது. இரவில் தூக்கம் வராமல் அந்த ஆவணத்தைத் திறந்து திறந்து படித்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் வீட்டில் ஒரு சங்கிலியை அடகு வைத்தோம். நான் கேட்ட அனுமதியை மறுத்தவர்களே, ஏன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டபோது வந்த கோபம் இன்றும் முழுசாகப் போகவில்லை. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே போக அனுமதி மறுக்கப்பட்டால், அதை ஆவணத்தில் ஒரு வரியாகப் போடுவது போதாது. அந்த வரி யாருக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். "குடோன் ஆட்களிடம் பேசாததால், டிசி, சரக்கு வரவு தொடர்பான திரைகளில் டெமோவுக்குப் பிறகு மாற்றம் வரும், அந்தச் செலவு இன்னார் பொறுப்பு" என்று பெயரோடு எழுதினால்தான் கையெழுத்துப் போடுகிறவர் நின்று யோசிப்பார். பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததுமே உள்ளே போக அனுமதி கொடுத்துவிடுகிறார்கள், பிற்பாடு வந்த வேலைகளில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் யார் அனுமதிக்கும் காத்திராமல், அந்த அண்ணனுக்கே போன் செய்து, என் கைக்காசில் பஸ் ஏறிப் போய் குடோனில் உட்கார்ந்தேன். "வாங்க தம்பி, நோட்டைப் பாருங்க, எல்லாம் அதுலதான் இருக்குது" என்று ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்டு, இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. வந்த பக்கத்தில் வண்டி வந்த தேதி, ரோல் எத்தனை, கிலோ எவ்வளவு. கலர் சரியில்லாமல் திரும்பிப் போனது மட்டும் சிவப்பு மையில், அதே வரிக்குக் கீழே, உள்தள்ளி எழுதியிருந்தார். புது வரியில் எழுதவில்லை, ஏனென்றால் அது புதுச் சரக்கு இல்லை. நாங்கள் மாதக்கணக்கில் ஆபீஸில் பேசியும் கிடைக்காத விதி அந்தச் சிவப்பு மையில் இருந்தது. எங்கு போனாலும் நான் இப்போது முதலில் கேட்பது இந்த நோட்டுகளைத்தான். ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்கும். ஏற்கெனவே ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலும் இருக்கும், அதில் போட முடியாததையெல்லாம் போட ஒரு நோட்டோ ஒரு எக்செல் கோப்போ ஒரு வாட்ஸ்அப் குழுவோ கண்டிப்பாக இருக்கும். புது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எழுதியே இருக்கிறது.

கேள்வி கேட்கும் விதத்தையும் அங்கேதான் மாற்றிக்கொண்டேன். "சாயப்பட்டறைக்கு எப்படி அனுப்புவீர்கள்?" என்று கேட்டால், எப்படி அனுப்ப வேண்டுமோ அதைச் சொல்வார்கள். "போன வாரம் கடைசியாகப் போன லாட்டை எடுங்கள், அதற்கு என்ன நடந்தது?" என்று கேட்டால்தான் நடந்தது வரும். அதற்கு அடுத்த கேள்வி, "இது எப்போது இப்படி நடக்காது?" என்பது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதலில் "எப்பவும் இப்படித்தானுங்க" என்று சொல்வார்கள், கொஞ்சம் பொறுத்தால், "ஆனா போன ஆடி மாசம் ஒரு தடவை..." என்று ஆரம்பிப்பார்கள். மென்பொருளை உடைப்பதெல்லாம் அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதுதான்.

அப்புறம், கேட்டதை விதியாக எழுதுவதை நிறுத்திவிட்டு எண்களோடு எழுத ஆரம்பித்தேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். நேவி ப்ளூ கலருக்கு 500 கிலோ துணி ஒரு டிசியில் சாயப்பட்டறைக்குப் போகிறது. முதல் வண்டியில் 310 கிலோ வருகிறது, அடுத்ததில் 120, கடைசியாக 47. மொத்தம் 477. குறைந்தது 23 கிலோ, அதாவது 4.6 சதவீதம். இதற்கிடையில் முதல் வண்டியில் வந்ததில் 60 கிலோ கலர் சரியில்லை என்று மறு சாயத்துக்குத் திரும்பிப் போய், 58 கிலோவாக வருகிறது. இப்போது கையில் இருப்பது 475 கிலோ. இந்தக் கலருக்குப் பேசிய கழிவு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மொத்தமாகப் போன 25 கிலோ சரியாக 5 சதவீதம். இது கணக்குக்குள் அடங்குமா, தாண்டியதா? மறு சாயத்தில் போன 2 கிலோ யார் தலையில்? இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் காட்டியதும் ஒரு நொடி கூட யோசிக்காமல், "மறுசாயத்துல போனது அவங்க கணக்குங்க, நம்ம கழிவுல சேரவே சேராது" என்றார். அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் அதே தாளைக் காட்டினால், அவர் இத்தனை நாளும் இரண்டையும் சேர்த்துத்தான் பில்லில் கழித்திருக்கிறார். ஒரே கம்பெனிக்குள் இரண்டு கணக்கு. "கழிவு சதவீதத்தைக் கணக்கிட வேண்டும்" என்று ஆவணத்தில் எழுதினால் இரண்டு பேரும் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். எங்கள் மென்பொருளிலோ மறு சாயத்துக்கு ஒரு புது டிசி போட வேண்டியிருந்ததால், 500 கிலோ துணிக்கு 560 கிலோ அனுப்பியதாக அறிக்கை காட்டியது. சோதனைக்கான கேஸ்களையும் பிறகு இந்தத் தாள்களில் இருந்தே எடுத்தோம், தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு முக்கியமான விதிக்கும் இப்படி நாலைந்து உதாரணம் போதும். சாதாரணமாக நடப்பது ஒன்று, எல்லையில் நிற்பது ஒன்று, எல்லையைத் தாண்டியது ஒன்று, பாதியில் நின்றது ஒன்று, தப்பாகப் பதிந்து திருத்துவது ஒன்று. கடைசியாகச் சொன்ன திருத்தத்தைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். டிசி போட்டு வண்டி கிளம்பிய பிறகு கிலோ தப்பு என்று தெரிந்தால் யார் மாற்றலாம், பழைய எண் என்ன ஆகும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலில் வரிச் சட்டமும் பாதி ரிக்வயர்மென்ட்டை எழுதிவிடுகிறது, அதை ஆரம்பத்திலேயே படிப்பது நல்லது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர, வெளியே அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. வராவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்காகும். நேராக ஜாப் ஒர்க் செய்பவர் இடத்திலேயே இறங்கிய சரக்குக்கு, அவர் கைக்கு வந்த நாளில் இருந்து அந்த ஒரு வருடம் எண்ணப்படும். அந்த அண்ணன் சொன்ன, மில்லில் இருந்து நேராக நிட்டிங்குக்குப் போகும் நூலுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04-இல், நாம் யாருக்கு அனுப்பினோமோ அவரிடம் இருந்து அல்லாமல் வேறு ஜாப் ஒர்க்கரிடம் இருந்து திரும்பி வந்த சரக்குக்கு என்று தனி அட்டவணை உண்டு, கழிவுக்குத் தனிக் கட்டமும் உண்டு. அந்தப் படிவத்தை முதல் வாரமே எனக்கு ஒருவர் காட்டியிருந்தால், ஆபீஸில் சொன்ன நேர்த்தியான கதை அன்றே உடைந்திருக்கும். ஆகவே எந்தத் துறைக்குப் போனாலும், அந்தக் கம்பெனி அரசுக்குக் கொடுக்கும் படிவங்களை வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தகவல் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே போங்கள். எந்த டெம்ப்ளேட்டும் கொடுக்காத பட்டியல் கிடைக்கும்.

வரி விகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடைகளுக்கு ஒரு பீஸ் 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 12 என்று 2017-இல் இருந்து இருந்தது. சரியாக 1,000 ரூபாய் என்றால் என்ன, தள்ளுபடிக்கு முந்தைய விலையா பிந்தைய விலையா என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியிலும் பதிலை எழுதி வாங்கினேன். அதோடு, இந்த 1,000, 5, 12 எல்லாம் நிரலுக்குள் எழுதப்படக் கூடாது, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு மாஸ்டரில் (நிரலைத் தொடாமலே மாற்றக்கூடிய அட்டவணையில்) இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். உள்ளூர் விற்பனை கொஞ்சம்தானே, எதற்கு இவ்வளவு என்று டெவலப்பர்கள் அலுத்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை 2,500 ரூபாயாகவும், அதற்கு மேல் 18 சதவீதமாகவும் மாறியது. மாஸ்டரில் புதிதாக ஒரு பதிவு சேர்த்தால் போதும், செப்டம்பர் 21 வரை போட்ட பில்லைத் திரும்ப எடுத்தாலும் பழைய விகிதமே வரும். சட்டம், கூலி, கமிஷன், கழிவு என்று மனிதர்கள் பேசி முடிவு செய்யும் எந்த எண்ணுக்கும் தேதி வைத்தே எழுதுங்கள்.

சம்பளப் பக்கம் வேறு ஒரு பூதம் கிளம்பியது. மென்பொருள் நிறுவனத்திடம் ஏற்கெனவே ஒரு சம்பள மாட்யூல் இருந்தது, முழு நாள், அரை நாள், விடுப்பு என்று. திருப்பூரில் யாரும் நாள் கணக்கில் பேசுவதில்லை, ஷிப்ட் கணக்குத்தான். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை வாரச் சம்பளம். ஒருவர் ஒரு வாரத்தில் எட்டரை ஷிப்ட் செய்திருப்பார், ஆறு நாளில் எப்படி எட்டரை நாள் வரும் என்று மாட்யூல் பிழை காட்டும். ரெடிமேட் மாட்யூல் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று யாராவது சொன்னால், அங்கேதான் முதலில் போய்ப் பாருங்கள். போன வாரச் சம்பளப் பட்டியல் ஒன்றை வாங்கி, அதில் உள்ள பத்து வரிகளை அந்த மாட்யூலில் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அறிக்கைகள் கேட்கும்போது முதலாளி ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார். டயா (துணியின் அகலம்) வாரியாக ஸ்டாக், பார்ட்டி வாரியாக ஸ்டாக், கலர் வாரியாக ஸ்டாக் என்று. "இந்த ரிப்போர்ட் காலையில் உங்கள் கைக்கு வந்தால், அதைப் பார்த்துவிட்டு யாருக்கு போன் போடுவீர்கள்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் வந்தது: சொன்ன தேதி தாண்டியும் துணி வராத சாயப்பட்டறைக்காரருக்கு. அவர் உண்மையில் கேட்டது தாமதப் பட்டியல் ஒன்றுதான். அதைத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் போகும்படி செய்தோம், மற்றதையெல்லாம் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினோம். எது அவசியம், எது அப்புறம் பார்க்கலாம் என்று பிரிக்க நிறைய முறைகள் சொல்லித் தருகிறார்கள், ஆனால் கிளையன்ட்டிடம் கேட்டால் எல்லாமே அவசியம் என்றுதான் சொல்வார். "இது இல்லாமல் நாளைக்கு வண்டி கேட்டை விட்டு வெளியே போக முடியுமா?" என்று கேட்டால் அவரே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை பக்கத்திலும் கையெழுத்து இருந்தும் எனக்கு அது ஒரு பாதுகாப்பும் தரவில்லை, ஏனென்றால் கையெழுத்துப் போட்டவர் அந்தத் திரைகளைப் பயன்படுத்தப் போகிறவர் இல்லை. பெரிய ஆவணத்தை யாரும் படிப்பதும் இல்லை. இப்போது நான் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த உதாரணத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வேலையைச் செய்பவரையும் அவருக்கு மேலே முடிவு எடுப்பவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து, எண்களை வாய்விட்டுப் படிக்கிறேன். செய்பவர் நடப்பதைச் சொல்வார், மேலே இருப்பவர் இனி எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு சொல்வார், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. மறு சாயக் கழிவு விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி என்று முதலாளியே அப்படி ஒரு உட்காரலில்தான் முடிவு செய்தார். இருவரும் அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போடுவார்கள். அன்று மாலையே ஒரு மெயில்: என்ன முடிவானது, யார் முடிவு செய்தார், எது இன்னும் முடிவாகவில்லை, அதை யார் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும். போனில் சொன்னதாக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியதாக இருந்தாலும் அந்த மெயிலுக்குள் வந்துவிட வேண்டும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக ஞாபகம் இருக்கும்.

குடோனில் எடுத்த குறிப்புகளை வைத்து, எந்தத் திரையில் எவ்வளவு மாற்றம், எது மென்பொருள் நிறுவனம் எப்படியும் செய்திருக்க வேண்டியது, எது புதிதாகக் கேட்டது என்று ஒரு பட்டியல் போட்டு இரண்டு தரப்புக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன். யார் மேலும் குறை சொல்லாமல், வெறும் எண்களோடு. அந்தப் பட்டியல்தான் பேச்சு வார்த்தையை மறுபடி ஆரம்பித்து வைத்தது. செலவைப் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டார்கள், வேலை நகர்ந்தது.

கோ-லைவ் தேதி, அதாவது மென்பொருளை நிஜ வேலையில் ஓடவிடும் தேதி, பேசும்போது தீபாவளிக்கு முந்தைய வாரம் என்று மென்பொருள் நிறுவனம் குறித்திருந்தது. போனஸ் கணக்கு முடித்து ஆட்கள் ஊருக்குக் கிளம்பும் வாரம் அது, திரும்பி வர நாளாகும். அதைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் சண்டையே போட்டேன். கிளையன்ட்டின் வருடத்தில் எந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது என்பதை முதல் வாரமே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டேட்டாவைக் கொண்டு வருவதற்கு நீங்கள் நினைப்பதை விட அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாயப்பட்டறை நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் நான்கு பார்ட்டியாக இருந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி. ஜிஎஸ்டி எண்ணை வைத்து ஒன்று சேர்த்தோம். யூஏடியில் "டெஸ்ட் பார்ட்டி 1" மாதிரி கற்பனைப் பெயர்கள் வேண்டாம். முடிந்துபோன ஒரு மாதத்தின் உண்மையான டிசிகளைப் போட்டு, மாதக் கடைசி பாக்கி அண்ணன் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒத்துப்போனது, அங்கங்கே வித்தியாசம் வந்த இடங்களில் சிலவற்றில் நோட்டுதான் தப்பு என்று அண்ணனே கண்டுபிடித்தார். அந்த நாளில் இருந்து அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மென்பொருள் ஓட ஆரம்பித்தது, நல்லபடியாகவே ஓடியது. ஆனால் தாமதத்தால் நஷ்டம் என்று சொல்லி மென்பொருள் நிறுவனம் என் மூன்றாவது தவணையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தது, மீதியைக் கேட்கக் கேட்கத் தள்ளிப்போட்டு, கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று யோசித்து, செலவுக்குப் பயந்து விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாத ஒரு வழி இருந்தது. தனியாக வேலை செய்யும் கன்சல்டன்ட்டும் சேவை தரும் குறு நிறுவனமாக அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். பிறகு பதிந்துகொண்டால் பழைய பாக்கிக்குச் செல்லுமா என்ற சண்டையே வேண்டாம், வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்து, அந்த எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் போடுங்கள்.

தவணைகளையும் மாற்றிவிட்டேன். யூஏடி முடிவது, கிளையன்ட் திருப்தி, கோ-லைவ் என்று மற்றவர் கையில் இருக்கும் எதோடும் என் பணத்தைக் கட்டுவதில்லை. மாதக் கணக்கு, அல்லது நான் ஒப்படைக்கும் பொருளுக்குக் கணக்கு: உதாரணத் தாள்கள், திரை வரைவுகள், சோதனைக் கேஸ்கள். ஒப்படைத்து ஏழு வேலை நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி. வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் நாட்களுக்குத் தனி வரி, தனித் தொகை, அதை எடுத்துவிட்டால் மொத்த மதிப்பீடும் மாறும் என்று பக்கத்திலேயே குறிப்பு. இதைப் பார்த்து வேலை தராமல் போனவர்கள் உண்டு. தந்தவர்களிடம் இதுவரை பாக்கி நின்றதில்லை.